நாற்பத்தேழு விரிசல்

ஷண்முகப்ரியாவுக்கு அன்றைக்கு நடக்கவே தெம்பில்லை. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது எப்படி என்று இரண்டு வருடமாக முதுகலை படிக்கிற பெண், மயிலாப்பூரில் தான் ஆராய்ச்சி செய்த வீட்டுக்கே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். போகாமல் இருக்க முடியுமா? வீடு இடிந்து விழும் நிலையில் இருக்கிறது, ஆறு குடித்தனமும் காலி செய்ய வேண்டும் என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அத்தாட்சியாகக் கூடவே ஒட்டியிருந்தது அவள் வரைந்த படம்.

நூறு வருடத்து வீடு அது. மூன்று மாதம் அங்கேயே கிடந்து, சுவர் சுவராகத் தடவி, நாற்பத்தேழு விரிசலைச் சிவப்பு மையில் குறித்திருந்தாள். மருந்து எழுதுமுன் நோயைக் குறிக்க வேண்டும், அவள் படிப்பின் முறை அது. மருந்தையும் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதினாள்: சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்தால் வீடு இன்னும் ஐம்பது வருடம் நிற்கும். உள்ளே விட்டதற்கு நன்றியாக வீட்டுக்காரர் கதிரேசனிடம் ஒரு பிரதி வேறு கொடுத்தாள். அசடு! தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மனுஷன், பன்னிரண்டு பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, குடித்தனங்களைக் கிளப்பப் படத்தை மட்டும் உருவிக்கொண்டார்.

காலையில், வீடு இடியும் என்று சான்று கொடுத்த அவருடைய இன்ஜினியரிடம் போய் மன்றாடிப் பார்த்தாள்.

"எல்லாமே ரிப்பேர் பண்ணலாம் சார். நானே எழுதியிருக்கேன்."

"நீ ஸ்டூடண்ட்மா. உன் பேச்சை நம்பி நான் கையெழுத்துப் போட முடியாது."

"அப்போ என் படத்தை மட்டும் எப்படி சார் நம்பினீங்க?"

"விரிசல் கண்ணுக்குத் தெரியுதே" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

ப்ரியா வீட்டுக்குள் நுழைந்தபோது, ஆறு குடித்தனத்தில் ஒருத்தியான பாஞ்சாலி தன் அறை வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவள். இருபத்திரண்டு வருடமாக இந்த ஒற்றை அறைதான் வீடு. இப்போது கிடைத்திருக்கும் வீடு பெரும்பாக்கத்துக்கும் அந்தப் பக்கம். அங்கிருந்து விடிகாலை நாலு மணிக்கு மண்டபத்தில் வந்து நிற்க முடியாது. வேலையும் போச்சு.

"வா பாப்பா, குந்து. மூஞ்சி ஏன் இப்டி கீது?"

ப்ரியா உட்காரவில்லை. "அக்கா, நோட்டீஸ்ல இருக்கே படம்... அதை வரைஞ்சது நான்தான்." திட்டினால் தேவலை, முதுகில் ரெண்டு போட்டாலும் தேவலை என்று நின்றாள்.

பாஞ்சாலி சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். "நீயா? எந்நேரமும் செவுத்தையே பாத்துக்கினு நின்னியே, இதுக்குத்தானா?"

"காப்பாத்தத்தான்க்கா வரைஞ்சேன்."

"காலேஜ்ல இன்னா சொன்னாங்கோ? மார்க் போட்டாங்களா?"

"போட்டாங்க" என்றாள் ப்ரியா. பொய் சொல்லவும் தெம்பில்லை. "தொண்ணூத்தாறு. எங்க வகுப்புல அதுதான் அதிகம்."

"அப்போ சரியாத்தான் வரைஞ்சிக்கீறே." பாஞ்சாலியின் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் ப்ரியா தாங்கியிருப்பாள். "சரி, இந்த மூட்டைய ஒரு கை புடி. வண்டிக்காரன் கத்துவான்."

ப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். மூட்டை நல்ல கனம்.