வெற்றிலைப் பெட்டிக்குள் காத்தவராயன்

வந்தவனை ‘வாங்க’ என்று கேட்க இந்தக் காலத்து ஆட்களுக்கு வாய் வலிக்கிறது. ஒரு விசேஷத்துக்கு யார் வந்தார், யார் முகத்தைக் காட்டிவிட்டுப் பந்தியோடு நழுவினார் என்பதைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரனுக்கு இரண்டு கண் போதாதா? போதாதாம். அதற்கும் மிஷின் வைக்கிறார்கள்.

விருத்தாசலத்தில் அந்தக் கல்யாண மண்டபத்து வாசலில் நின்று காத்தவராயன் இப்படித்தான் பொருமிக்கொண்டிருந்தார். அன்று உள்ளே கல்யாணம் இல்லை; பீங்கான் தொழில்நுட்ப மாநாடு. இரண்டாயிரத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். வாசலின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வெள்ளைக் கம்பங்கள். பக்கத்தில் ஒரு பெரிய டிவி. மெட்ராஸிலிருந்து வந்திருந்த குருமூர்த்தி என்கிற பையன், கழுத்தில் மாட்டச் சொல்லி ஆளுக்கொரு அட்டையை நீட்டினான்.

“இதுக்குள்ள சின்ன ரேடியோ இருக்குதுங்க ஐயா. நீங்க கம்பத்தைத் தாண்டி உள்ள போனா டிவியில உங்க பேரு வரும். வெளிய வந்தா பேரு போயிடும். யார் எவ்ளோ நேரம் உட்கார்ந்தாங்கன்னு அதுவே சொல்லிடும்.”

“வேப்பூர் சந்தையில ஆட்டுக்குத்தான் சாயம் தடவி உடுவாங்க. அந்த ஆடாவது போற எடம் தெரியாம போவுது.”

குருமூர்த்தி சிரித்தான். காத்தவராயன் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் மாட்ட மனசு ஒப்பவில்லை. தூக்கி எறியவும் முடியாது. மடியிலிருந்த தகர வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, வெற்றிலைக்கு அடியில் செருகி, மூடியை அழுத்திச் சாத்தினார்.

எறிய முடியாததற்குக் காரணம் இருந்தது. ஆடி மழையில் அவருடைய சூளையின் சுவர் பிளந்துவிட்டது. கொட்டகை நிறைய கொலு பொம்மைகள் சுடாத பச்சை மண்ணாக நிற்கின்றன. ஊருக்குப் பொதுவாகப் புதிதாய்க் கட்டிய கேஸ் சூளையில், நவராத்திரிக்கு முன்னால் சுட்டெடுக்க ஒரு முறை கிடைத்தால்தான் அவை பொம்மை. இல்லாவிட்டால் வெறும் மண். மாநாட்டில் முழு நேரமும் உட்காருகிறவர்களுக்கே முதல் முறைகள் என்று சொல்லிவிட்டார்கள். மகள் அனுசியா காலையில் சோறு போடும்போதே எச்சரித்திருந்தாள்: “வாயை வச்சிக்கிட்டு சும்மா இருப்பா. பொம்மை வேகணும்.”

உள்ளே முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தனபால், பீங்கானில் கரண்டு பியூஸ் கட்டை செய்கிறவன், தூரத்து உறவில் மருமகன் முறை. மேடையில் முதல் ஆள் மைக்கைத் தட்டிப் பார்ப்பதற்குள் எழுந்துவிட்டான். கழுத்து அட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினான்.

“எங்கடா?”

“மங்கலம்பேட்டையில பாய் வூட்டுக் கல்யாணம் மாமா. பிரியாணி. கார்டு உள்ள இருந்தா நானும் உள்ள இருக்கேன்னுதான அர்த்தம்? பஸ்ஸுல துண்டு போடுற மாதிரிதான். பாத்துக்குங்க.”

ஜன்னல் வழியே துண்டைப் போட்டு பஸ்ஸில் இடம் பிடித்தே வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஆட்கள் டீக்கடையில் இருந்தார்கள்.

மேடையில் பேச வந்திருந்த டெல்லிக்காரருக்கு எதிரே இருந்த கூட்டத்தைப் பார்க்க நேரமில்லை. மேஜையில் ஆள்கணக்குக் காட்டிய சின்னத் திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார். “அரங்கம் நிரம்பி வழிகிறது! எந்த ஊரிலும் இப்படி ஒரு ஆர்வத்தைக் கண்டதில்லை” என்று அவர் சொன்னதைக் குருமூர்த்தி தமிழில் சொன்னான். ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள். நாற்காலிகள் அடக்கமாக இருந்தன.

காத்தவராயன் அசையவில்லை. படம் போட்டுக் காட்டிய சூளைகளையெல்லாம் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் உடனே திரும்பினார். பிற்பாடு கண் செருகியது, உண்மைதான். ஆனால் தூங்கினாலும் அவர் இங்கேதான் தூங்கினார்.

சாயங்காலம் குருமூர்த்தி மைக்கைப் பிடித்தான். “நவராத்திரிக்கு முன்னாடி சூளை முறை கிடைச்சவங்க. முதல் பேரு, ஒரு நிமிஷம்கூட வெளிய போகாம உட்கார்ந்திருந்த திரு. தனபால்!”

யாரும் எழவில்லை.

“உள்ளதான் இருக்காரு, டிவி காட்டுது,” என்றான். நாற்காலி முதுகில் அட்டை மின்விசிறிக் காற்றில் ஆடியது.

மற்ற பேர்களும் வந்தன. காத்தவராயன் பேர் வரவில்லை. மகள் சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தும் எழுந்துவிட்டார்.

“தம்பி, என் பேரு?”

குருமூர்த்தி கம்ப்யூட்டரைத் தட்டினான். “நீங்க மாநாட்டுக்கு வரவே இல்லைங்களே ஐயா.”

“வரலையா? அப்ப இவ்ளோ நேரம் யாருகிட்டடா பேசிக்கிட்டிருக்க?”

“கார்டு எங்கங்க?”

பெட்டியைத் தட்டிக் காட்டினார். குருமூர்த்தி தலையில் கை வைத்தான். “தகரத்துக்குள்ள வச்சா ரேடியோ வெளிய வராதுங்க.”

“ஒரு வெத்தலப் பொட்டியைத் தாண்டிப் பாக்க முடியாத மிஷினா என் பொம்மையை வேகவைக்கலாமா வேணாமான்னு சொல்லப்போவுது?”

“மிஷினு மேல தப்பில்லைங்க. ஒரு மனு எழுதிக் குடுங்க, கமிட்டியில வைக்கிறேன்.”

“சீட்டுல எழுதிப் பிராது கட்டணும்னா கொளஞ்சியப்பர் கோயில்ல சாமிகிட்டயே கட்டிக்கறேன். அவரு கார்டு கேக்க மாட்டாரு.”

அந்த நேரம் பார்த்து, வாயெல்லாம் பீடா சிவக்கத் தனபால் உள்ளே வந்தான். பிரியாணி வாசம் அவனுக்கு முன்னால் வந்தது. முதல் முறை தனக்கு என்று கேட்டதும் பல்லைக் காட்டினான். மாமாவுக்கு இல்லை என்று கேட்டதும் பல்லை மூடிக்கொண்டான்.

“மாமா, என் முறையில பாதி எடத்துல உங்க பொம்மைய அடுக்குங்க. சூளைக்குள்ள எது யாருதுன்னு எந்த மிஷினு பாக்கப்போவுது?”

காத்தவராயன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வராதவன் முறையில் வந்தவன் பொம்மை வேக வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. கொட்டகையில் பச்சையாக நிற்கும் பொம்மைகளை நினைத்துக்கொண்டார்.

“நடு எடம் எனக்கு. ஓரத்துல உன் கட்டைய வச்சிக்க,” என்றார்.

“கொழுப்புதான் மாமா உங்களுக்கு.”

வாசலில் அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். கம்பங்களுக்கு நடுவில் நின்று பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பு ஒட்டியிருந்த அட்டையை உருவினார். டிவி ‘கிணிங்’ என்றது. ‘காத்தவராயன், உள்ளே வந்தார், நல்வரவு’ என்று பெரிய எழுத்தில் வந்ததைத் தனபால் உரக்கப் படித்தான்.

“பாருங்க ஐயா!” என்று ஓடிவந்தான் குருமூர்த்தி. “வேலை செய்யுது பாருங்க! இப்ப கரெக்டா காட்டுது!”

காத்தவராயன் அட்டையை அவன் கையில் வைத்தார். ஒரு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

“உள்ள இருக்கேன்ல? என்னையத் தேடிக்கிட்டு யாராச்சும் வந்தா அதுகிட்டயே கேட்டுக்கச் சொல்லு,” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.