முன்னிருக்கையில் ஒரு கல் வீரன்

தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதம் ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை, கில்வரன் பாழ்கோவிலில் அறுநூறு ஆண்டுகளாகக் கல்லறைக் கல்லின்மேல் சிற்பமாய்ப் படுத்துக் கிடந்த வீரன் எழுந்து சாலைக்கு வந்து, டார்க்குவில் லமாண்டின் சுற்றுலா வேனில் ஏறிக்கொண்டான். அன்று ஐலா தீவில் டீசல் லிட்டர் அறுபத்திரண்டு பென்ஸ். தூறல் இருந்தது. வேனில் ஒன்பது ஜெர்மானியர்கள் இருந்தார்கள்.

தப்பு டார்க்குவிலுடையதுதான். அந்தத் தீவில் வண்டி ஓட்டுகிறவன், எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கியாக வேண்டும். தூக்காவிட்டால் பகை என்று அர்த்தம். ஆளைப் பார்த்துத் தூக்குவதில்லை. விரல் தானாக எழும். கோவில் சந்து முனையில் நின்றவனுக்கும் அப்படித்தான் எழுந்தது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு மூக்கு இல்லை என்பதும், தோளில் பாசி படர்ந்திருப்பதும் தெரிந்தது. என்ன செய்வது, விரல் தூக்கியாகிவிட்டது. இனி அவனை நனையவிட்டுப் போவது மரியாதையில்லை. டார்க்குவில் நிறுத்தினான். வீரன் முன்னிருக்கையில் உட்கார, வேன் இடப்பக்கம் நான்கு விரற்கடை தாழ்ந்தது.

பால்னகேல் விஸ்கி வடிசாலையில் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் செங்கா கில்கிறிஸ்ட், அவனுக்கு டிக்கெட் உண்டா என்று மட்டும் கேட்டாள். உள்ளூர்க்காரனுக்கு ஏது டிக்கெட் என்றான் டார்க்குவில். அவளும் மற்றவர்களுக்கு ஊற்றியதுபோல் ஒரு கிளாஸ் விஸ்கி ஊற்றிக் கொடுத்தாள். வீரன் உதட்டில் வைத்தான். கல் அதை உறிஞ்சிக்கொண்டு மோவாய்வரை கறுத்தது. பன்னிரண்டு வருட விஸ்கியைவிடப் பதினாறு வருட விஸ்கி சீக்கிரம் ஊறியது என்று செங்கா பதிந்துவைத்திருக்கிறாள். வடிசாலை முடிந்ததும் வேன் பாழ்கோவிலுக்குப் போகும். பயணிகள் கேமராவைத் திறப்பதற்குள் வீரன் தன் இடத்தில் படுத்துவிடுவான். அந்தக் கோடை முழுதும் இப்படியே நடந்தது. சிற்பத்தை அனுமதியின்றி வண்டியில் ஏற்றக்கூடாது என்று பெருநிலத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் ஏற்றவில்லை, அவரே ஏறுகிறார் என்று டார்க்குவில் பதில் போட்டான். மறுபடி கடிதம் வரவில்லை.

டார்க்குவிலைத் தின்றுகொண்டிருந்த கவலை வேறு. அவனுடைய அண்ணன் டூகல் அதே வடிசாலையில் கொதிகலன் பார்ப்பவன். பதினோரு ஆண்டுகளாகப் பேச்சில்லை. அப்பா விட்டுப்போன சதுப்பு நிலத்தில், அடுப்பில் எரிக்கும் கரிமண் வெட்டக் கயிறு கட்டி ஆளுக்குப் பாதி பிரித்திருந்தார்கள். ஒரு வசந்தத்தில் பார்த்தால் கயிறு ஒரு மண்வெட்டி அகலம் நகர்ந்திருந்தது. நகர்த்தியது நீ என்று இவன், நீதான் என்று அவன். அன்றிலிருந்து டூகலின் நீல வண்டி எதிரே வந்தால் டார்க்குவில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். தீவில் அவன் விரல் தூக்காத ஒரே ஆள் கூடப்பிறந்தவன். இப்போது டூகல் ஓய்வுபெற்று, செப்டம்பர் கடைசியில் கனடாவுக்கு மகளிடம் போகிறான் என்று ஊரே சொன்னது. அறுபத்தைந்து வயதில் போகிறவன் எங்கே திரும்பி வரப்போகிறான். அதைக் கேட்டதிலிருந்து டார்க்குவிலுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பொரித்த மீனை நாய் தின்று கொழுத்தது.

"ஒத்த விரல்யா. தூக்குனா சுளுக்கிக்குமா?" என்றாள் செங்கா.

"மொதல்ல அவன் தூக்கட்டும்."

"அவனும் இதையேதான் சொல்றான். ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்திருக்கா ஒங்கம்மா."

இதற்குள் வீரன் தீவின் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். எதிரே வருகிற லாரிக்கும் தபால் வண்டிக்கும் டார்க்குவில் விரல் தூக்கும்போது அவனும் தூக்குவான். நீல வண்டி வந்தால் டார்க்குவிலைத் திரும்பிப் பார்ப்பான். அந்த இறுகிய விரல் முட்டிகளைப் பார்த்துவிட்டு, தன் கையை வாள்பிடியில் வைத்துக்கொள்வான். அவனுடைய காலத்தில் பகை என்றால் அது ஒன்றுதான். டார்க்குவில் இதைக் கவனிக்கவில்லை.

செப்டம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை, துறைமுகச் சாலையில் நீல வண்டி பெட்டிகளோடு எதிரே வந்தது. குறுகலான சாலை, நல்ல மழை. டார்க்குவில் ஸ்டியரிங்கைப் பிடித்தான். பிடித்த பிடியில் முட்டி வெளுத்தது, ஏனென்றால் இதுதான் கடைசித் தடவை என்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் அம்மி நகர்வதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வீரன் வாளை உருவிக்கொண்டிருந்தான். நுனி பட்டு முன்கண்ணாடியில் கீறல் ஓடியது.

"வேண்டாம்யா, அது எங்கண்ணன்," என்று கத்தி, டார்க்குவில் அவனைத் தடுக்கக் கையைத் தூக்கினான். விரல் மட்டும் அல்ல, முழுக்கையும்.

மழைக்கு அப்பால் டூகலுக்கு அந்தக் கை மட்டும் தெரிந்தது. பிரேக் போட்டான். ஜன்னலுக்கு ஜன்னல் நின்று கண்ணாடியை இறக்கினான்.

"என்னடா, கைய முழுசாத் தூக்குற? ஒடம்புக்கு ஏதாவதா?"

"ஒண்ணுமில்ல. கப்பலுக்கா?"

"கப்பலுக்குத்தான்."

மழை இரண்டு வண்டிக்குள்ளும் அடித்தது. டூகல் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கயிற நகத்துனது நான்தான். அரை மண்வெட்டி."

"மீதி அரை நான்," என்றான் டார்க்குவில். சொல்லிவிட்டு அழுதான். மழை என்று பின்னால் சொல்லிக்கொண்டான்.

பின்னால் ஐந்து வண்டிகள் நின்றன; யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கப்பல் டூகலை விட்டுவிட்டுப் போனது. அவன் மறுநாள் போனான். டொரொன்டோவில் நாள் முழுதும் விரல் தூக்குகிறேன், ஒருத்தனும் திருப்பித் தூக்குவதில்லை என்று எழுதினான். அடுத்த மே மாதம் திரும்பிவிட்டான். அந்த ஆண்டு கரிமண் வெட்டியபோது கயிறு கட்டவில்லை.

வீரன் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. பழைய புகைப்படங்களில் அவன் வலக்கை வாள்பிடியில் இருக்கும். இப்போது கில்வரனில் போய்ப் பார்த்தால் வாள் உறையில் கிடக்கிறது, கை நெஞ்சின்மேல் இருக்கிறது, ஒரு விரல் மட்டும் தூக்கியிருக்கிறது. ஆசி வழங்கும் கை என்று பெருநிலத்து அறிஞர்கள் எழுதுகிறார்கள். தீவுக்காரர்கள் அதைக் கடக்கும்போது பதிலுக்கு ஒரு விரல் தூக்கிவிட்டுப் போகிறார்கள்.