முதல் விடையோடு திரும்பியவன்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு கேள்வியில் பிறந்தது. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கோளாறு தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு மறுபடி வரச் சொல்லும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவரை ஹலோ மேடம் என்போம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீ கப்பை என் கீபோர்டை ஒட்டி வைத்துவிட்டுக் கேட்டார்:

"லிஸ்ட் ரொம்பச் சின்னதா வருதேப்பா. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு பேராவது இருப்பாங்க. இப்ப மாசத்துக்கே ஒருத்தர்தான். ஜனங்க எல்லாம் திடீர்னு ஆரோக்கியமாயிட்டாங்களா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "வேலையை விட்டுப் போன இளைஞன் ஒருவன் ஒரு பைத்தான் ஸ்க்ரிப்டை விட்டுச் சென்றிருந்தான். அதில் ஒரு பிழை —"

அடித்துவிட்டேன். அப்படி ஒரு இளைஞன் கிடையாது. கதையின் மூன்று வரைவுகள் வரை அவனை உயிரோடு வைத்திருந்தேன். வாசகருக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று அவனுக்குக் குறுந்தாடியும் அலட்சியமான நடையும்கூடக் கொடுத்தேன். ஸ்க்ரிப்டை எழுதியவன் நான்தான்.

3

(கணினி தெரியாதவர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவும் நடந்தது.)

எங்களிடம் வரும் ஒவ்வொருவருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் அதன் பெயர் ஒட்டியிருக்கும்: எண், சோதனை, அளவு, நிலை. 'நிலை' என்ற இடத்தில் 'மறுபார்வை' என்று இருந்தால் அந்த ஆளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தினமும் காலையில் என் ஸ்க்ரிப்ட், அதாவது நான் எழுதிய குட்டி நிரல், கோப்புகளைத் துழாவி இந்த வேலையைச் செய்யும்.

அதை எழுதிய பைத்தான் என்ற கணினி மொழியில் இதற்கு ஃபைண்ட் என்றொரு கட்டளை இருக்கிறது. முதலில் கண்ணில் படும் 'நிலை'யை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். ஃபைண்ட்ஆல் என்று இன்னொன்று. அது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். பழைய இயந்திரம் ஒரு கோப்பில் ஒரே சோதனையைத்தான் எழுதும் என்பதால் முதலாவதே போதும் என்று இருந்துவிட்டேன். எட்டு மாதத்துக்கு முன்பு புது இயந்திரம் வந்தது. அது ஓர் ஆளின் ஆறு சோதனைகளையும் ஒரே கோப்பில் எழுதும். அது வந்த அன்று எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஸ்க்ரிப்டை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. யாரும் என்றால், நான்.

ஆறில் முதல் சோதனை சர்க்கரை. சர்க்கரை சரியாக இருந்தால், மற்ற ஐந்தில் என்ன கிடந்தாலும், ஸ்க்ரிப்ட் நிம்மதியாக அடுத்த கோப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

4

மூன்று எழுத்துகளையும் ஒரு வரியையும் சேர்த்து மறுபடி ஓட்டினேன். எட்டு மாதத்துக்கும் சேர்த்து ஒன்பது எண்கள் இருந்த இடத்தில் ஐம்பது வந்தன. நாற்பத்தொரு பேர். ஒவ்வொரு எண்ணாகப் படித்துக்கொண்டு வந்தேன். ஏழாவது எண் என் அக்காவுடையது.*

அதற்குப் பிறகு நான் எழுதிய வாக்கியம்: "அவன் உலகமே —"

வேண்டாம். உலகம் அப்படியேதான் இருந்தது. டீகூட ஆறவில்லை.

* எண் எப்படி மனப்பாடம் என்று கேட்பீர்கள். ஊழியர் குடும்பத்துக்கு இலவசம் என்று நானே அவளை வற்புறுத்தி அழைத்து வந்து, நானே பதிவு செய்தேன். ஐந்து மாதம் ஆகிறது. "என்னடா ஆச்சு?" என்று அவள் கேட்டபோது, "லிஸ்ட்ல உன் நம்பரே இல்லக்கா. உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கே" என்று சொன்னதும் நானே.

5

அக்காவைக் கதையில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. படுக்கையில் போட்டால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். அவள் படுக்கிற ஆளே இல்லை. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறாள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில், தனக்கென இருக்கும் கிளட்ச்சிலும் பிரேக்கிலும் கால் வைத்தபடி, முன்பின் தெரியாதவர்களைச் சுவரில் மோதாமல் காப்பாற்றுகிறவள். போன் போட்டேன்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. உன் டெஸ்ட்ல சர்க்கரை சரியாத்தான் இருந்துச்சு. கிட்னி டெஸ்ட்ல அளவு மட்டும் கூட இருந்திருக்கு."

"எப்ப?"

"அஞ்சு மாசம் முன்னாடி."

"இப்ப சொல்றே? யார் பண்ண தப்பு?"

"ஸ்க்ரிப்ட்."

"அது யாரு?"

"நான்தான்க்கா."

அந்தப் பக்கம் இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"கால் வீங்குதுன்னு சொன்னேனேடா," என்றாள். "நீதானே கிளட்ச்னு சொன்னே."



6

அவளைக் கொண்டுவந்து ரத்தம் எடுக்க வைத்தேன். மாடியில் இருக்கும் டாக்டரம்மாவைப் பார்க்க மூன்று மணி நேரம் அவளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நல்ல தம்பி என்று தாதி ஒருவர் சொன்னார். அப்போதுதான் ஹலோ மேடம் படியேறி வந்தார்.

"உன் ஸ்க்ரீன்ல ஒரு லிஸ்ட் திறந்து கிடக்கே. அதுல நான் ஏற்கெனவே கூப்பிட்டவங்களும் உன் அக்காவும் போக, மத்த நாப்பது பேரு யாருப்பா? அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

அக்காவின் எண்ணைப் பார்த்ததும் நான் படிப்பதை நிறுத்தியிருந்தேன். எட்டாவது எண்ணை என் கண் பார்க்கவே இல்லை. தெரிந்த ஒன்று கிடைத்ததும் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தப் பிழை ஸ்க்ரிப்டில் இருக்கிறது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

இந்தக் கதையிலும் அதையே செய்திருக்கிறேன். மேலே போய்ப் பாருங்கள். நாற்பது பேருக்கு ஒரு வரி இல்லை.

7

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அக்காவின் மறுசோதனை சரியாக வருகிறது. இன்னொன்றில்—

எதையும் எழுதிக் காட்டும் முதல் ஆள் அக்காதான். இதையும் படித்தாள். "என் ரிப்போர்ட்டை இதுல போடாதே, அது என்னோடது," என்றாள். பிறகு, "அந்த நாப்பது பேரு என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். ஆகவே இரண்டையும் அடித்துவிட்டேன்.

நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் போனை எடுத்தார்கள். திட்டினார்கள், அழுதார்கள், ஒருவர் நன்றி சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. ஐந்து பேர் இன்னும் எடுக்கவில்லை. தெரியாத எண் என்று வெட்டிவிடுகிறார்கள். கொடுத்திருந்த முகவரிகளுக்கு நேரில் போனேன். ஐந்திலும் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

நீங்கள் சில மாதங்களுக்கு முன்பு எங்கேயாவது பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை, அப்படியென்றால் எல்லாம் சரிதான் என்று இருக்கலாம். என் அக்காவும் அப்படித்தான் இருந்தாள். ஹலோ மேடம் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் போன் அடிக்கிறார். நடுவில் நான் அடிக்கிறேன்.

எடுங்கள். எடுத்ததும் முதல் வார்த்தையோடு வைத்துவிடாமல், முழுவதையும் கேளுங்கள்.