குளிசை போட்ட விரதம்

என் கணவர் தவராசாவுக்குப் பட்டினி கிடக்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வருடா வருடம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். அதனால் வேலைத்தல மருத்துவர், "உடம்பைக் குறையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பரிசோதனைக்குப் பிறகு படகு இல்லை" என்று சொன்னபோது மனுசன் அசையவே இல்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் மாலுமியை ஏற்றிப்போகிற படகை ஓட்டுபவர் அவர். அதைப் பறித்துவிட்டுக் கரையில் ஒரு கதிரையைக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து என் உயிரைத்தான் வாங்குவார்.

"ஆரிட்டையாவது கேட்டுச் செய்யுங்கோவனப்பா," என்றேன்.

"விரதம் பிடிச்ச உடம்பு இது. ஆரிட்டக் கேக்கிறது?"

போனைத் தட்டிப் பார்த்தார். ஒரு நாளைக்கு இத்தனை கலோரி போதும் என்று அது சொன்னது. அத்தனையையும் மதியச் சோற்றிலேயே முடித்துவிடுவது என்று அவராகவே தீர்மானித்தார். காலையில் சீனி போடாத தேத்தண்ணீர், இரவில் வெறும் தண்ணீர். நீரிழிவுக்கென்று டாக்டர் முன்பே எழுதிக்கொடுத்த குளிசையை மட்டும் இரண்டு நேரமும் தவறாமல் போட்டார்.

ஆலோசனைக்கு மட்டும் குறைவில்லை. பக்கத்து வீட்டு ஜெயரூபி கொள்ளுக்கஞ்சி என்றாள். சாம்பல்தீவில் இருக்கும் என் தம்பி கிருஷாந்த் தேசிக்காய்த் தண்ணீர் என்றான். எங்கள் ஊர் பாலையூற்றில் படிக்காமலே வைத்தியர் ஆகாதவர் யார்?

உடம்பு குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. பெல்டில் புதிதாக ஓட்டை போட்டார். ஆனால் விடியப்புறம் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஒருநாள் வேலைக்கு வெளிக்கிட்டவர், கேற்றுக்கு முன்னால் பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நான் ஓடிப்போய்த் திறப்பை வாங்க, என்னை யாரோ போலப் பார்த்தார். கைக்கு அகப்பட்ட வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில், "என்ன பாக்கிறாய், வேலைக்கு நேரம் போட்டுது" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

பயம் ஒருபக்கம் இருக்க, எனக்கு ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. சஷ்டியில் இதைவிடக் குறைவாகச் சாப்பிட்டுவிட்டுக் கோணேசர் கோயிலுக்கு ஏறி இறங்குகிற மனுசன். ஒரு நடுக்கம் கிடையாது. இப்போது மட்டும் ஏன்? குசினியில் தேங்காய் திருவும்போதும் இதே யோசனைதான்.

கிளினிக்கில் விசாரித்தேன். சாப்பாட்டு ஆலோசனை சொல்ல அதற்கென்றே படித்த ஒரு மிஸ் இருக்கிறார் என்றார்கள்.

"சாப்பிடாமல் இருக்கிறதுக்கும் ஒரு படிப்போ?" என்றார் இவர்.

"படிப்போ இல்லையோ, போய்ப் பாப்பம்," என்று இழுத்துக்கொண்டு போனேன்.

மிஸ்ஸின் பெயர் றம்ஸியா. மேசையில் வெறும் தட்டும் கோப்பையும் வைத்திருந்தார். இவர் என்ன சாப்பிடுகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று பொறுமையாகக் கேட்டார். எனக்குத்தான் பொறுமை இல்லை.

"மிஸ், சஷ்டிக்கு ஆறு நாள் கிடந்தும் இவருக்கு ஒண்டும் செய்யாது. இப்ப ஏன் நடுங்குது?"

அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஐயா, விரதத்தில குளிசை போடுவீங்களா?"

"விரதத்திலயோ? அது சாமி காரியம். எடுக்கிறேல்ல."

"இப்ப?"

"இது வைத்தியமெல்லோ. ஒரு நேரமும் தவறவிடுறேல்ல."

நான் தலையில் கையை வைத்தேன்.

"வயித்தில ஒண்டும் இல்லாம அந்தக் குளிசையப் போட்டா, ரத்தத்தில இருக்கிற சீனியும் இறங்கிப் போயிரும். அண்டைக்கு அம்மா தந்த வாழைப்பழம்தான் உங்களக் காப்பாத்தினது. சஷ்டியில நீங்களா நிப்பாட்டினதும் பிழை. எங்கட ஆக்கள் நோன்புக்கு முந்தியே இங்க வந்து, குளிசையை எப்படிப் போடுறதெண்டு கேட்டுக்கொண்டுதான் பிடிப்பாங்க."

மூன்று நேரமும் சாப்பிட வேண்டும், அளவுதான் குறைய வேண்டும் என்று கோப்பையில் புட்டின் அளவைக் காட்டினார். குளிசைக்கு இன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார். "கடலில எப்பவாவது இப்படி வந்ததா ஐயா?"

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இவர் அந்த வெறும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன கிழமை," என்றார். "கப்பல் முன்னுக்கு வந்திட்டுது. கண்ணுக்குத் தெரியுது. எந்தப் பக்கம் திருப்பிறதெண்டுதான் தெரியேல்ல. கூட வேலை செய்யிற சுகிர்தன் சுக்கானைப் பறிச்சுத் திருப்பினவன்."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. படகைப் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் படகோடு போகப் பார்த்திருக்கிறார்!

"டாக்டர் சொல்லும்வரைக்கும் படகைத் தொடாதீங்க," என்றார் மிஸ்.

லீவு கேட்கவே கூச்சப்படுகிற மனுசன் அங்கேயே போனை எடுத்தார். "சுகிர்தன், நாளைக்கு நான் வரேல்ல. சுக்கானை நீ பிடி. ஓம், நான்தான் சொல்லுறன். ஒஃபிசுக்கும் நானே சொல்லுறன்."

வெளியே வந்து வாசல் படியில் இருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவரைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன்.

"பூரணி," என்றார். "பசிக்குது."

இந்த விரதம் தொடங்கிய நாளிலிருந்து அவர் அதைச் சொன்னது அப்போதுதான்.