ஒத்தாசைக்குக் கட்டம் இல்லை

1

இந்தக் கதை என் பிழை ஒன்றிலிருந்து பிறந்தது. பிழையை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எழுத இரண்டு முறை பார்த்தேன். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் காளவாசலில் கதை எழுதும் வகுப்புக்குப் போகிறேன். பகலில் ஒரு மருத்துவக் கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவர்களுக்குத் தொழில்சார் மருத்துவம் நடத்துகிறேன். எந்த வேலை எந்த நோயைத் தரும் என்ற பாடம். மதியம் இரண்டு மணி வகுப்பு. தூங்காதவர்களின் பெயரை நாட்குறிப்பில் எழுதி வைப்பேன். அரைப் பக்கம்கூட நிரம்பாது.

2

முதல் தொடக்கம்: 'அவனியாபுரத்துப் பட்டறைகளின் மேல் சூரியன்...' (அடித்துவிட்டேன். அன்று நான் சூரியனைக் கவனிக்கவில்லை.)

இரண்டாவது: 'நோயாளியைப் பார்த்ததுமே அந்த இளம் ஆசிரியைக்கு ஏதோ...' (பொய். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.)

நடந்தது இது. அறுவை சிகிச்சை வார்டில் செல்லக்கிளி, வயது முப்பத்தொன்று, ஊர் அவனியாபுரம். மூன்று மாதமாக விட்டுவிட்டு வயிற்றுவலி, கூடவே சோகை. ஸ்கேனில் காரணம் தெரியவில்லை. திங்கட்கிழமை வயிற்றைத் திறந்து பார்ப்பதாக முடிவாகியிருந்தது. எப்படி விசாரிப்பது என்று மாணவர்களுக்குக் காட்ட, நானே கேட்டேன்.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?"

"வேலைக்கெல்லாம் போகலம்மா. வீட்டுல சும்மாதேன் இருக்கேன்."

'தொழில்' என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்திருந்தது.*

* இந்த வரியை நீக்கப் பார்த்தேன். ஆனால் என் கவனம் அங்கேதான் இருந்தது.

3

பவதாரிணி என்ற மாணவியைக் கதையில் வைக்கத் தயக்கமாக இருக்கிறது. சரியான நேரத்தில் சரியான கேள்வியோடு ஒருத்தி வந்தால் யார் நம்புவார்கள்? (அவள் என் வகுப்பில் தவறாமல் தூங்குகிறவள். இப்போது கொஞ்சம் நம்பலாம்.)

நாங்கள் அடுத்த கட்டிலுக்குப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

"அக்கா, நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"நேத்து இங்கதேன படுத்துக் கெடந்தேன்!"

"சரி, இங்க வாரதுக்கு முந்தின நாளு."

"வாசத் தெளிச்சேன். சோறு வடிச்சேன். அவுக பழைய பேட்டரியா வாங்கியாந்து பின்னாடி போட்டிருப்பாக. சுத்தியல வச்சு ஒடச்சுத் தகட்ட எடுத்தேன். மதியம் அத உருக்குறப்ப பக்கத்துல நின்னேன்."

"இதெல்லாம் வேலை இல்லையாக்கா?"

"அது அவுக வேலையாச்சே தாயி. நான் ஒத்தாசைதேன்."

பக்கத்துக் கட்டிலில் நின்று இதைக் கேட்ட இன்னொரு மாணவன் ஹரிநாராயணன் என் காதருகே வந்தான். "மேடம், நம்ம சிலபஸ்ல ஒத்தாசைன்னு ஒரு தொழில் இருக்கா?"

கேலிதான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

பேட்டரித் தகட்டில் இருப்பது காரீயம். உடம்பில் ஏறினால் குடலை முறுக்கும், ரத்தத்தை வெளுக்கச் செய்யும். முந்தைய வியாழக்கிழமைதான் கரும்பலகையில் படம் போட்டு இதை நடத்தியிருந்தேன்.

4

(கண்டுபிடித்தது நான்தான் என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. ரத்தத்தில் காரீயம் மிக அதிகம் என்று முடிவு வந்தது. கத்தி இல்லாமலே சிகிச்சை தொடங்கியது. நான்காம் நாள் செல்லக்கிளி இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் திரும்பிப் போகவேண்டியது அதே வீட்டுக்கு.

கணவர் உக்கிரபாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நாந்தான அத உருக்குறேன். எனக்கு ஒண்ணும் இல்லையே?"

"உங்களுக்கும் ரத்தம் பாத்துருவோம்ணே" என்றாள் பவதாரிணி.

"இவ வீட்டுல சும்மா இருந்தவம்மா. இவளுக்கு எப்படி..."

செல்லக்கிளி எழுந்து உட்கார்ந்தார். "யாரு சும்மா இருந்தா? அம்புட்டு நாளும் நான் வேலைதேன் பாத்திருக்கேன். அந்தா, டாக்டரு புள்ள எழுதியே வச்சிருக்கு. படிச்சுப் பாருங்க."

என் 'இல்லத்தரசி'யை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 'பேட்டரி உடைக்கும் வேலை, ஆறு வருடம்' என்று எழுதியிருந்தாள் பவதாரிணி. எழுத்து கோழி கிண்டியது போல இருந்தது. உக்கிரபாண்டி அதை இரண்டு முறை படித்தார். பிறகு கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

5

உக்கிரபாண்டி தகடு உருக்குவதை வீட்டை விட்டு அப்புறப்படுத்தினாரா? மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் உடனே திருந்துகிறார். ஒன்றில் மாட்டேன் என்கிறார். மூன்றாவது பாதியிலேயே...

வரும் வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். இன்று செவ்வாய். அவருடைய முடிவை நான் எழுதுவது முறையாகாது.

உங்களிடம் வேறொன்று தருகிறேன். இப்போது எங்கள் மாணவர்கள் எடுத்துப்போகும் தாளில் 'தொழில்' என்ற கட்டத்துக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது: 'நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?' உங்கள் வீட்டில் சும்மா இருப்பதாகச் சொல்பவரிடம் கேட்டு எழுதுங்கள். அரைப் பக்கம் விட்டிருக்கிறேன். போதாது.