முட்டி கொடுத்த கனவான்

சேர்வராயன் குகைக் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

வெள்ளக்கடை என்ற மலையூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட். முதலாளியம்மா நந்தினி வருகிறார் என்று, பங்களாவைக் கூட்டித் துடைக்கும் அம்மணி, சாப்பாட்டு அறையில் கறுத்துக் கிடந்த ஒரு கண்ணாடிப் படத்தைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துவிட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

உள்ளே மையால் இழுத்த கேலிச் சித்திரம். ஜாவாவில் தன் நாட்டவர் காப்பி வாங்கும் அழகைக் கண்டு எரிச்சலான ஒரு ஹாலந்துக்காரர், நூற்று அறுபது வருஷத்துக்கு முன் வரைந்தது. தராசில் ஒரு மூட்டை தொங்குகிறது. தொப்பி வைத்த கனவான் ஒருவர் வானத்தைப் பார்த்தபடியே மூட்டைக்கு அடியில் முழங்கால் முட்டியைக் கொடுத்து எடையைக் குறைக்கிறார். சுமந்து வந்தவனின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

பழம் பறிக்கும் பெண்கள் ஜன்னல் வழியே பார்த்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு எடைக்களம் வரை போயிற்று. எடை போட்டுக் கணக்கு எழுதும் ரைட்டர் செல்லப்பன் வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அம்மணியிடம் பாய்ந்தார்.

“இதை வரைஞ்சது உன் கோலம் போடற கைதானே? அம்மா வரட்டும். சாயங்காலத்துக்குள்ள லயத்து ஊட்டைக் காலி பண்ண வெக்கிறேன்.”

எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று, பதினெட்டு வருஷமாக அவள் இருக்கும் ஊடு. வேலை போனால் அதுவும் போய்விடும். படத்தைக் கழற்றப் பார்த்தாள். ஆணி துருவேறி அசையவில்லை. அதற்குள் வளைவில் ஜீப் முனகியது.

“அம்மா, என்னைய அசிங்கமா வரைஞ்சு மாட்டியிருக்கறாளுங்க,” என்றார் செல்லப்பன்.

நந்தினி கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தார். “நீயா வரைஞ்சே?” என்றார் அம்மணியிடம்.

அம்மணி துடைத்த துணியை இடுப்பில் செருகினாள். “இல்லீங்கம்மா. ஏனுங்க ரைட்டரய்யா, தொப்பி உங்குளுது இல்லீங்க. மூஞ்சியும் உங்குளுது இல்லீங்க. அப்புறம் இது நீங்கதான்னு எப்படிங்க தெரிஞ்சுது?”

“முட்டியப் பாத்தா தெரியலயா?”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது செல்லப்பன் காதிலேயே விழுந்தது.

படத்திலிருந்த கனவான் கொஞ்சம் யோசித்து, முட்டியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டார். தராசு முள் நகர்ந்தது. மூன்று பேருமே பார்த்தார்கள்.

“இனிமே எடை போடறப்ப அம்மணி பக்கத்துல நிக்கட்டும்,” என்றார் நந்தினி. “யாரும் எதையும் காலி பண்ண வேண்டாம்.”

அந்த எஸ்டேட்டில் பழத்தை எடை போட்டதே கிடையாது. அன்றும் இன்றும் தகர டின்னால் அளப்பதுதான். சூடம் அணைத்தது மட்டும் நிஜம்.