தர்மபுரி மண்டலம்

வரைபடத்தில் ஏற்காடும் தர்மபுரியும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. நடுவில் மலை நிற்பதும், சேலத்துக்கு இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும் என்பதும் ஸ்கேல் வைத்து அளந்த மகராசனுக்குத் தெரியாது. கல்லூரிக் கால்பந்து மண்டலங்களை இந்த வருடம் மாற்றியபோது, ஏற்காட்டில் இருக்கும் எங்கள் கல்லூரியின் பெண்கள் அணியைத் தர்மபுரி மண்டலத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஏரிக்கு அந்தப் பக்கக் கல்லூரி மட்டும் சேலத்திலேயே இருந்தது. வருடா வருடம் அவர்களோடுதான் எங்களுக்குப் போட்டி, சண்டை, சமாதானம் எல்லாம். அதுவும் போயிற்று.

நான் மேகலா, உடற்கல்வி ஆசிரியை. பல்கலைக்கழகத்துக்கு எழுதி எழுதிச் சலித்துவிட்டேன். பிரின்சிபாலுக்கும் சலித்துவிட்டது.

"ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு நாள் கிளாஸ் போவுதுங்க மேடம். மொத மேட்ச்சுலயே தோத்துட்டு வந்தீங்கன்னா டீமைக் கலைச்சரலாமுங்க" என்றார்.

வாதாடத் தெம்பில்லை. சரிங்க என்று வந்துவிட்டேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாளே பஸ் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளிலேயே பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். கோல்கீப்பர் சசிரேகா மாரமங்கலத்துப் பெண். ஜன்னலில் தலை சாய்த்தபடி, "ஏனுங்க மேடம், கீழ எறங்கறதுக்குள்ளயே தோத்துருவோமாட்ட இருக்குதுங்க" என்றாள்.

"வாய வெச்சுட்டுச் சும்மா வா கண்ணு."

ஆனால் மறுநாள் தர்மபுரியில் ஆடினார்கள். அந்த வெயிலில், காய்ந்த செம்மண் மைதானத்தில், கடைசி நிமிடங்கள் வரை ஒரு கோல்கூட விடவில்லை. டிரா ஆனாலே போதும், அணி பிழைத்துவிடும். நான் கோட்டுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூடுபனி இறங்கிக் கோல்கம்பம் மறைந்தால், எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று கையைத் தூக்கி அவரவர் பேரைச் சொல்வார்கள். யாரும் மோதிக்கொள்ளக் கூடாது, யாரும் சரிவில் விழுந்துவிடக் கூடாது. பனி விலகியதும் ஆட்டம் தொடரும். அதற்கு விசிலெல்லாம் தேவையில்லை.

திடீரென்று காற்று சுழன்றது. மைதானம் முழுக்கப் புழுதி எழுந்து கோல்கம்பத்தை மறைத்தது. எங்கள் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஜீவா!"

"காவேரி!"

"சசிரேகா!"

புழுதி அடங்கியபோது பந்து வலைக்குள் கிடந்தது. சசிரேகா இன்னும் கையைத் தூக்கியபடி நின்றாள்.

"நான் விசில் ஊதினனா? ஏம்மா நின்னீங்க?" என்றார் நடுவர். அந்த ஒரு கோலில் தோற்றோம். கோல் போட்டவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் ஆட வந்தாள், ஆடினாள். என் பிள்ளைகள் மேலும் வரவில்லை. அழுகைதான் வந்தது.

சேலம் பஸ் ஸ்டாண்டில், இனி அணி கிடையாது என்று சொன்னேன். அதுவரை அவர்களிடம் அதை மறைத்திருந்தேன். பைகளைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறினார்கள்.

மலை ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாதி வழியில் பனி அடைத்துக்கொள்ள, டிரைவர் வளைவுக்கு முன்னால் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார். கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

பின் சீட்டிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "சசிரேகா."

கொஞ்சம் பொறுத்து, "ஜீவா." பிறகு, "காவேரி." அப்படியே ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் நானும் என் பேரைச் சொன்னேன்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, ஆராச்சும் எறங்கோணுமா?"

"இல்லீங்க. எல்லாரும் இருக்கமுங்க" என்றேன்.